வெளியூரில் ஒரு சொந்த மைதானம்

நேயர்களுக்கு வணக்கம்.

2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சென்னை நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டினார்களே, அந்தச் சமயம். பெண்கள் பிரிவில் கடைசிச் சுற்று தொடங்கியபோது இந்தியாவின் முதல் அணிதான் முன்னிலையில் இருந்தது. அந்தச் சுற்றில் நாம் அமெரிக்காவிடம் தோற்றோம். உக்ரைன் போலந்தை வென்றது. தங்கம் உக்ரைனுக்கு, வெள்ளி ஜார்ஜியாவுக்கு, வெண்கலம் நமக்கு. கைக்கு எட்டிய தங்கம் போய்விட்டதே என்று நாம் வருந்தினோம். அது இயல்புதான். இன்று அந்தத் தங்கத்தை வாங்கிக்கொண்டு போனவர்களின் நாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அந்த அணியில் இருந்த அன்னா உஷெனினா கார்கிவ் நகரத்தில் பிறந்தவர். மரியா, அன்னா முஸிச்சுக் சகோதரிகள் மேற்கே லிவீவ் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். ரஷ்யப் படைகள் நாட்டுக்குள் புகுந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. கார்கிவ் மீது குண்டு விழுந்துகொண்டிருந்தது. உக்ரைனின் வான்வெளியை அந்த ஆண்டு பிப்ரவரி 24 அன்றே மூடிவிட்டார்கள். உள்ளே இருக்கும் ஒரு வீரர் வெளிநாட்டுப் போட்டிக்குப் போக வேண்டுமென்றால் முதலில் ரயிலிலோ பஸ்ஸிலோ எல்லையைக் கடக்க வேண்டும், விமானம் அதற்கப்புறம்தான். அப்படி ஒரு காலத்தில் பதினொரு சுற்று நிதானமாக உட்கார்ந்து காய் நகர்த்தி முதலிடம் வந்தார்கள் என்பது என்னைப் பொறுத்தவரை அந்த ஒலிம்பியாடின் மிகப் பெரிய செய்தி.

உக்ரைன் மக்கள் தங்கள் பெயரை உலகத்துக்குச் சொன்ன இடங்களில் முக்கியமானது விளையாட்டு மைதானம். 1991 வரை அவர்கள் சோவியத் ஒன்றியத்தின் ஒரு பகுதி. அங்கிருந்து யார் ஜெயித்தாலும் வெளியில் ‘ரஷ்யர்’ என்றுதான் எழுதினார்கள். ஆனால் 1975இல் ஐரோப்பியக் கோப்பை வென்றவர்கள் கோப்பைப் போட்டியில், இறுதி ஆட்டத்தில் ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஸ் அணியை 3–0 என்று வீழ்த்தியது கீவ் நகரத்து டைனமோ கால்பந்து அணி. அதே ஆண்டு சூப்பர் கோப்பையில் பேயர்ன் மியூனிக்கை இரண்டு ஆட்டங்களிலும் தோற்கடித்தது. அந்தச் சூப்பர் கோப்பை ஆட்டங்களில் டைனமோவின் மூன்று கோல்களையும் போட்டவர் ஒலெக் ப்ளோகின். அவருக்கு அந்த ஆண்டின் சிறந்த ஐரோப்பிய வீரருக்கான தங்கப் பந்து கிடைத்தது.

அந்த அணியை உருவாக்கியவர் வலேரி லோபனோவ்ஸ்கி. பொறியியல் படித்தவர். அனடோலி ஸெலென்ட்சோவ் என்ற அறிவியலாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கால்பந்தில் ஒவ்வொரு வீரரின் ஓட்டத்தையும் பந்தைத் தொடும் ஒவ்வொரு முறையையும் கணக்கெடுத்தார். இன்று எல்லா அணிகளிலும் கணினியோடு ஓர் ஆய்வாளர் இருக்கிறார். கீவில் அந்த வேலை எழுபதுகளிலேயே தொடங்கிவிட்டது. 1986இலும் கோப்பை வென்றவர்கள் கோப்பையை வென்றார். 2002 மே மாதம், ஸபோரீஷியாவில் தன் அணி ஆடிக்கொண்டிருந்தபோது உடல்நிலை மோசமாகி, சில நாளில் காலமானார். அடுத்த ஆண்டு இத்தாலியின் மிலான் அணிக்காக சாம்பியன்ஸ் லீக் வென்ற அவருடைய மாணவர் ஆண்ட்ரி ஷெவ்சென்கோ, பதக்கத்தை எடுத்துக்கொண்டு கீவுக்கு வந்து ஆசிரியரின் கல்லறைக்குப் போனார்.

சுதந்திர உக்ரைனுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்தவர் 16 வயதுப் பெண், ஒக்சானா பயூல். 1994, நார்வேயின் லில்லஹாமர். பனிச்சறுக்கு நடனம். பதின்மூன்று வயதில் அம்மாவை இழந்து, ஒடேசாவில் பயிற்சியாளரின் குடும்பத்தில் வளர்ந்தவர். இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் பயிற்சியில் இன்னொரு வீராங்கனையோடு மோதி, காலில் தையல் போட வேண்டியதாயிற்று. வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு ஆடினார், ஜெயித்தார். பரிசளிப்பு தாமதமானது. உக்ரைனின் தேசிய கீதம் பதிவான நாடா அங்கே கைவசம் இல்லை. தேடிக் கொண்டுவந்து போட்டார்கள்.

சரி, இப்போது நாட்டின் கிழக்கே டொனெட்ஸ்க் நகரத்துக்குப் போவோம். நிலக்கரிச் சுரங்கங்களின் ஊர். கோலூன்றித் தாண்டும் செர்கய் பூப்கா 1993இல் 6.15 மீட்டர் தாண்டியது இந்த ஊரில்தான். 21 ஆண்டுகள் யாராலும் அதைத் தொட முடியவில்லை. 2014 பிப்ரவரியில் பிரான்ஸின் ரெனோ லவில்லேனி 6.16 தாண்டினார். அதுவும் இதே டொனெட்ஸ்கில், பூப்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே. சில மாதங்களில் அந்த ஊர் போர்க்களமாகிவிட்டது.

சுரங்கத் தொழிலாளர்களின் கால்பந்து அணியான ஷக்தாரும் அந்த ஊர்தான். 2009இல் ஐரோப்பிய அணிகள் மோதும் யுஇஎஃப்ஏ கோப்பையை வென்றது. அதே ஆண்டு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய டொன்பாஸ் அரங்கம் திறக்கப்பட்டது. ஐரோப்பாவின் அழகான அரங்கங்களில் ஒன்று. 2014 மே மாதத்துக்குப் பிறகு ஷக்தார் அங்கே ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. முதலில் நாட்டின் மறு கோடியில் இருக்கும் லிவீவ், பிறகு கார்கிவ், அப்புறம் கீவ். 2022இல் முழுப் போர் வந்ததும் சாம்பியன்ஸ் லீகின் ‘சொந்த மைதான’ ஆட்டங்களைப் போலந்தின் வார்சாவில் ஆடினார்கள். அடுத்து ஜெர்மனியின் ஹாம்பர்க், அதற்கடுத்து கெல்சென்கிர்சென். பிரேசிலிலிருந்து வந்திருந்த ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் 2022இல் போய்விட்டார்கள். மிச்சமிருந்த உள்ளூர் இளைஞர்களை வைத்துக்கொண்டு லைப்சிக் அணியை அதன் ஊரிலேயே 4–1 என்று தோற்கடித்தார்கள். ரியல் மாட்ரிட்டோடு வார்சாவில் நடந்த ஆட்டத்தில் கடைசி நிமிடம் வரை முன்னிலையில் இருந்தார்கள்; ஆட்டம் சமனில் முடிந்தது. 2023 நவம்பரில் ஹாம்பர்க்கில் பார்சிலோனாவை 1–0 என்று வென்றார்கள். இந்த அணியின் டொனெட்ஸ்க் ரசிகர்களில் ஏராளமானவர்கள் ஊரைவிட்டு வந்தவர்கள். பத்து வயதில் அரங்கத்தைப் பார்த்த பையன் இன்று வேறெங்கோ வேலைக்குப் போகிறான், அந்த ஆரஞ்சுச் சட்டையை இன்னும் வைத்திருக்கிறான். சொந்த ஊர் என்று காட்ட அவனுக்கு அந்தச் சட்டைதான் இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

உள்நாட்டு லீக் 2022 ஆகஸ்ட் 23 அன்று மறுபடி தொடங்கியது. பார்வையாளர்களே இல்லை. விமானத் தாக்குதல் சைரன் ஒலித்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார்; எல்லோரும் பதுங்கறைக்குப் போவார்கள்; ஆபத்து விலகியதும் திரும்பி வந்து, உடம்பைச் சூடேற்றிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து ஆடுவார்கள். தொண்ணூறு நிமிட ஆட்டம் நான்கு மணி நேரத்துக்கு மேல் நீண்ட நாளும் உண்டு. கார்கிவில் பிள்ளைகளின் பள்ளிக்கூடமே மெட்ரோ ரயில் நிலையத்துக்குள், தரைக்குக் கீழே நடக்கிறது. கீவில் நூறு மீட்டருக்கும் ஆழமான அர்செனால்னா நிலையம் இருக்கிறது. காலையில் வேலைக்குப் போக இறங்கும் மெட்ரோவிலேயே இரவில் பாய் விரித்துப் படுக்கிறார்கள்.

வீட்டுச் சமையலுக்கும் இதே கதைதான். போர்ஷ் என்பது பீட்ரூட் போட்ட செக்கச்செவேலென்ற சூப். கூடவே முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம், எலும்புச் சாறு. மேலே ஒரு கரண்டி புளித்த பாலாடை, தொட்டுக்கொள்ளப் பூண்டு தடவிய குட்டி பன். விரத நாளென்றால் கறிக்குப் பதில் காளானும் பீன்ஸும். நம் ஊர் சாம்பார் போல வீட்டுக்கு வீடு பக்குவம் மாறும். முதல் நாளைவிட மறுநாள் ருசி அதிகம் என்பார்கள். 2022 ஜூலை 1 அன்று யுனெஸ்கோ, உக்ரைனின் போர்ஷ் சமைக்கும் மரபை, அவசரமாகப் பாதுகாக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. சூப்புக்கு என்ன அவசரம் என்று தோன்றலாம். பீட்ரூட் விளைந்த தோட்டம் போய், அண்டை வீட்டாரும் ஆளுக்கொரு திசையில் போய்விட்டால், பாட்டியின் கைப்பக்குவத்தைப் பேத்தி எங்கே நின்று கற்றுக்கொள்வாள்?

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். த்னிப்ரோ நகரத்து யாரோஸ்லாவா மகூச்சிக், உயரம் தாண்டுபவர். 2022 மார்ச்சில் ஊரிலிருந்து காரில் கிளம்பி, மூன்று நாளுக்கும் மேல் பயணம் செய்து, செர்பியாவின் பெல்கிரேடு போய்ச் சேர்ந்தார். உள்ளரங்க உலகப் போட்டியில் 2.02 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். ஒரு தாண்டலுக்கும் அடுத்த தாண்டலுக்கும் இடையில் மைதானத்திலேயே தூங்கும் பையை விரித்துப் படுத்துக்கொள்வது அவர் வழக்கம். 2024 ஜூலை 7 அன்று பாரிஸில் 2.10 மீட்டர் தாண்டினார். பல்கேரியாவின் ஸ்டெஃப்கா கொஸ்டாடினோவா 1987இல் வைத்த 2.09 மீட்டர் சாதனை அன்று போயிற்று. அடுத்த மாதம் அதே பாரிஸில் ஒலிம்பிக் தங்கமும் அவருக்கே. வெண்கலம் வாங்கியவர்களில் ஒருவர் அவருடைய நாட்டுக்காரர் இரினா ஹெராஷ்சென்கோ. ஒரே மேடையில் இரண்டு உக்ரைன் பெண்கள். மகூச்சிக் இன்னும் இளம் வயதுக்காரர். உலகத் தடகளப் போட்டி அடுத்து எப்போது தொலைக்காட்சியில் வந்தாலும் உயரம் தாண்டும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.