சுற்றாமலே முடியும் மடக்கு

நேயர்களுக்கு வணக்கம். ஒன்று முதல் பத்துக் கோடி வரையுள்ள எண்களைக் கூட்டும் மடக்கை (ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் ‘லூப்’ என்ற நிரல் பகுதியை) பைத்தான், சி ஆகிய நிரல் மொழிகளில் எழுதி ஓட்டிப் பார்ப்பவர்கள், பைத்தான் பல விநாடிகள் திணறும் வேலையைச் சி நிரல் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிப்பதைக் கண்டு வியக்கிறார்கள். வேகத்தில் வேறுபாடு இருப்பது உண்மைதான். ஆனால் இந்தச் சோதனை அதை அளக்கவில்லை. வேகமேற்றும் தெரிவுடன் இயக்கப்படும் கிளாங் கம்பைலர் (சி நிரலை முன்கூட்டியே இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்), மடக்கின் போக்கைக் கண்டுகொண்டு, 5000000050000000 என்ற விடையையே நிரலுக்குள் பதித்துவிடும். அதாவது, அங்கே மடக்கு ஒருமுறைகூடச் சுற்றுவதில்லை.

நேர்மையாக ஒப்பிட விரும்பினால், இரட்டை எண்ணைப் பாதியாக்கி, ஒற்றை எண்ணை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டி, ஒன்றை அடையும் வரை தொடரும் கோலாட்ஸ் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். தொடக்க எண்ணை நிரல் ஓடும்போது உள்ளிட்டால், கம்பைலருக்குக் குறுக்குவழி கிடைக்காது. அப்போதும் சி மொழியே வெகுதூரம் முந்தும்.

காரணம், ஒவ்வொரு சுற்றிலும் நடப்பதில் இருக்கிறது. சி மொழியில் 4 பைட்டில் அடங்கும் சிறு முழு எண்ணுக்கு, வழக்கமான 64 பிட் பைத்தானில் 28 பைட் செலவாகிறது. ஏனெனில் அங்கு ஒவ்வோர் எண்ணும் தன் வகையையும், தன்னைச் சுட்டும் இடங்களின் எண்ணிக்கையையும் உடன் சுமந்து வரும் தனிப் பொருள். ஒரு கூட்டலுக்கு, பைத்தான் நிரலை ஓட்டும் இன்டர்பிரெட்டர், நிரலின் இடைநிலை வடிவமான பைட்கோடைப் படித்து, இரு பொருள்களின் வகையைச் சரிபார்த்து, விடைக்குப் புதிய பொருளை உருவாக்கி, பழையதை யாரும் சுட்டவில்லையெனில் விடுவிக்க வேண்டும். சி மொழியில் வகை முன்பே முடிவாகிவிடுவதால், செயலியின் ஒரே கட்டளையில் கூட்டல் முடிகிறது.

இதற்காகப் பைத்தான் போன்ற ஸ்கிரிப்ட் மொழிகளையெல்லாம் ஒரே தராசில் நிறுத்துவது சரியன்று. குரோம் உலாவியுடன் 2008இல் வெளிவந்த வி8 என்ற மென்பொருள், இணையப் பக்கங்களில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி நிரலை இயந்திரக் கட்டளைகளாகவே மாற்றிவிடுகிறது. பைத்தானும் 2022இல் வந்த 3.11 பதிப்பிலிருந்து, ஒரே வகை மதிப்புகள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்து, அவற்றுக்கென்றே அமைந்த கட்டளைக்கு மாறிக்கொள்கிறது.

எழுதுபவர் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. கோப்பின் மேல்மட்டத்தில் கிடக்கும் மடக்கை அப்படியே ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்தாலே வேகம் கூடும். ஏனெனில் ஃபங்ஷனுக்குள் மாறிகளைப் பெயர் வைத்து அகராதியில் தேடாமல், வரிசை இடத்திலிருந்து நேரடியாக எடுக்க முடிகிறது. பெரிய எண் வரிசைகளாக இருந்தால் நம்பை என்ற பைத்தான் நிரல் தொகுப்பிடம் ஒப்படைத்துவிடலாம். அப்போது மடக்கு சி மொழியில்தான் ஓடும்.