கேம் கடையில் கேட்ட குரல்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வீடியோ கேம் கடை என்றதும் படிக்காத பிள்ளைகள் பொழுதைத் தொலைக்கும் இடம் என்று நம்மவர்களில் பலர் இன்றைக்கும் முகம் சுளிக்கிறார்கள். அப்படி ஒரு கடையில் பல ஆண்டுகள் நின்று வேலை பார்த்தவள் நான். அங்கே யார் வந்தார்கள், எதைத் தேடி வந்தார்கள் என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி.

கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் வட்டாரத்தில், லோ யாட் பிளாசாவும் இம்பி பிளாசாவும் இருந்த பக்கம்தான் எங்கள் கடை. தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் பிளேஸ்டேஷன் 2 கொடிகட்டிப் பறந்த காலம் அது. 2000 மார்ச்சில் ஜப்பானில் வெளிவந்த அந்தக் கருவி உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்றது. டிவிடி படமும் அதில் ஓடும் என்பதால் 'பையனுக்கு விளையாட்டு, நமக்குப் படம்' என்று கணக்குப் போட்டு வாங்கிய குடும்பங்கள் ஏராளம். முதலாளி சீனர். கடையில் தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே தமிழ் முகம் எது நுழைந்தாலும் என்னிடம் அனுப்பிவிடுவார். வந்தவர்களில் சிலர் என்னைத் தாண்டிப் பார்த்து, "விஷயம் தெரிந்த தம்பி யாரும் இல்லையா?" என்பார்கள். "என்னிடமே கேளுங்கள் ஐயா" என்பேன். பேசத் தொடங்கிய பிறகு அவர்கள் வேறு ஆளைத் தேடியதில்லை.

எங்களுக்கு உண்மையான திருவிழா நவம்பர் மாதம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை ஒரு பக்கம், யூ.பி.எஸ்.ஆர். தேர்வு முடிவு மறுபக்கம். 2021இல் கைவிடப்பட்ட அந்த ஆறாம் ஆண்டுத் தேர்வில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்போது 7 தாள்கள். '7ஏ எடுத்தால் பிளேஸ்டேஷன்' என்று வாக்குக் கொடுத்த அப்பாக்கள் முடிவுத் தாளுடன் வந்து நிற்பார்கள். அந்தத் தாளை நாங்கள் கேட்பதில்லை, அவர்களாகவே காட்டுவார்கள்.

அவர்களில் செந்தூலிலிருந்து வந்த பாதுகாவலர் ஒருவரை என்னால் மறக்கவே முடியாது. ஆண்டுத் தொடக்கத்திலேயே வந்து, சம்பளம் வாங்கும் நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடலாமா என்று கேட்டார். கடையில் அப்படி வழக்கமே கிடையாது. நான் முதலாளியிடம் பேசினேன்; அவர் ஒரு பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். மாதா மாதம் சீருடையோடு வந்து பணத்தைக் கொடுப்பார், புத்தகத்தில் நான் எழுதுவதை நின்று பார்ப்பார், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெட்டியை ஒரு முறை பார்த்துவிட்டுப் போவார். பையனை ஒருநாளும் அழைத்து வரவில்லை. நவம்பரில் வந்தவர், "ஐந்து ஏதான் எடுத்திருக்கிறான் அம்மா" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறாரோ என்று நான் தயங்கினேன். அவர் மீதித் தொகையை எடுத்து மேசையில் வைத்தார். "நான் ஒருநாள் விடாமல் வேலைக்குப் போனேன். அவனும் ஒருநாள் விடாமல் பள்ளிக்குப் போனான். எனக்கு மட்டும் சம்பளம், அவனுக்கு இல்லையா?" என்றார். மெமரி கார்ட் ஒன்றை முதலாளி தன் கணக்கில் சேர்த்துக் கொடுத்தார்.

அது சின்ன உதவி இல்லை. 8 எம்பி கொள்ளளவுள்ள அந்தக் கார்ட் இல்லாவிட்டால் ஆட்டத்தைச் சேமிக்க முடியாது. கருவியை அணைத்தால் விளையாடியதெல்லாம் போச்சு. கார்ட் வாங்கக் காசில்லாமல் இரவு முழுவதும் கருவியை ஓடவிட்டு, அம்மா கண்ணில் படாதபடி விளக்குப் பொட்டைத் துணியால் மூடி வைத்த பிள்ளைகளின் கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

பிள்ளை கைகாட்டியதை அப்படியே வாங்கிக்கொடுக்கும் பெற்றோரிடம் எனக்குச் சண்டை உண்டு, இப்போதும் உண்டு. பெட்டியின் மூலையில் 'எம்' என்ற எழுத்து இருந்தால் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு என்று பொருள். அமெரிக்க கேம் துறை 1994ஆம் ஆண்டு ஏற்படுத்திய முத்திரை முறை அது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதை வாங்கித் தராதீர்கள் என்று சொன்னதால் கை நழுவிப்போன வியாபாரம் உண்டு. அதற்காக நான் வருந்தவில்லை, முதலாளியும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை, வேலைக்குப் போகும் வயதுப் பெண் ஒருத்தி கேம்பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் 'போக்கிமோன் கோல்ட்' கேசட்டைக் கொண்டுவந்தாள். அவளுடைய அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போனது. தீபாவளிக்கு அவன் வரும்போது விட்ட இடத்திலிருந்து விளையாட வேண்டும், அதற்குள் பேட்டரியை மாற்றித் தாருங்கள் என்றாள். கேட்கச் சுலபமாக இருக்கும். அந்தக் கேசட்டுக்குள் சிஆர்2025 என்ற நாணய வடிவப் பேட்டரி பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆட்டத்தின் சேமிப்பு முழுவதும் அதன் மின்சாரத்தில்தான் உயிரோடு இருக்கிறது. விளையாட்டுக்குள் இரவு பகல் காட்டும் கடிகாரமும் அதில்தான் ஓடுகிறது. பேட்டரியைக் கழற்றிய நொடியில் அண்ணன் வளர்த்தது அத்தனையும் அழிந்துவிடும். பழுதுபார்க்கும் எங்கள் சீன அண்ணன் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கைவிளக்குக்குப் போடும் சாதாரணப் பேட்டரிகள் இரண்டை இணைத்து, வெளியிலிருந்து 3 வோல்ட் மின்சாரம் கொடுத்துக்கொண்டே உள்ளே இருந்ததை எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைத்தார். கை நடுங்கியிருந்தால் தீர்ந்தது. அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேம்பாயில் போட்டதும் அவளுடைய அண்ணன் பெயர் திரையில் வந்தது. அவளுக்கு அந்த விளையாட்டு ஆடவே தெரியாது என்பதைப் பணம் கட்டும்போதுதான் சொன்னாள்.

இனி நான் சொல்லப்போகிறவர் பிரிக்பீல்ட்சிலிருந்து வந்தவர். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பது உங்களுக்குத் தெரியும். நடைபாதையில் காலுக்குத் தட்டுப்படும் மஞ்சள் வரிகளையும், பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புப்பிடி நிலையங்களையும் அந்தப் பக்கம் போன எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு நிலையத்தில் வேலை செய்தவர் அவர். துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோரயில் ஏறி இம்பியில் இறங்கி, வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு தனியாகவே வருவார். 5 வெள்ளி நோட்டு ஒரு மடிப்பு, 10 வெள்ளி நோட்டு வேறு மடிப்பு என்று பணப்பையில் பிரித்து வைத்திருப்பார். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன்.

முதல்நாள் அவர் கேட்டது 'டெக்கன் 5' என்ற சண்டை விளையாட்டு. தம்பிக்கா என்று கேட்டேன். "எனக்குத்தான் தங்கச்சி" என்றார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "முதலில் பின்னணி இசையை முழுவதும் குறைத்துவிடுங்கள்" என்றார். பிறகு ஆடிக் காட்டினார். எதிராளி இடப்பக்கம் நின்றால் ஒலி இடக்காதில் கேட்கும். தடுத்த அடிக்கு ஒரு சத்தம், பட்ட அடிக்கு ஒரு சத்தம். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு குரல், ஒரு மூச்சு. இத்தனையும் எங்கள் காதிலும் தினமும் விழுந்ததுதான். நாங்கள் யாரும் கேட்டதில்லை. திரையில் வரும் பட்டியல்களை அவரால் படிக்க முடியாது என்பதால் நான் வரிசையாகச் சொல்லச் சொல்ல, கீழே எத்தனை அழுத்தம், வலப்பக்கம் எத்தனை அழுத்தம் என்று மனப்பாடம் செய்துகொள்வார். அதற்குப் பிறகு புதிதாக எந்த விளையாட்டு வந்தாலும் நான் முதலில் பட்டியலைத்தான் எழுதிவைப்பேன்.

கடைப் பையன்களோடு ஆடும்போது வெல்வார், தோற்பார். தோற்றால் விடமாட்டார், என்ன அடி, எங்கிருந்து வந்தது என்று கேட்பார். காலடியில் சத்தமில்லாமல் வந்து வீழ்த்தும் அடிகள்தாம் அவருக்குப் பகை. எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்பதும் பல நேரம் தெரியாது. "உயரமாக வரும் அடிக்கு ஒரு ஒலி, தாழ்வாக வரும் அடிக்கு ஒரு ஒலி, கிட்டே வந்தால் ஒரு ஒலி வைத்தால் போதுமே. செய்கிறவர்களுக்கு இது என்ன கஷ்டமா?" என்பார். என்னிடம் பதில் இல்லை. விளையாட்டுகளைச் செய்கிறவர்கள் எங்களைப் போன்ற கடைகளில் ஒரு பிற்பகல் நின்றிருந்தால் அவருடைய கேள்வி அவர்களுக்கு எட்டியிருக்கும் என்று அப்போதே நினைத்தேன். இப்போதும் அதையே நினைக்கிறேன்.

2020 ஜூனில் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' விளையாட்டில் உடற்குறை உள்ளவர்களுக்காக 60க்கும் மேற்பட்ட வசதிகளை வைத்தார்கள். பார்வையற்றவர்கள் அதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஆடி முடித்தார்கள். 2023 ஜூனில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' என்ற சண்டை விளையாட்டு வந்தது. அதில் எதிராளி எவ்வளவு தொலைவில் இருக்கிறான் என்பதற்கும், அடி மேலே விழுகிறதா கீழே விழுகிறதா என்பதற்கும் தனித்தனி ஒலிகள் உண்டு. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் அந்தக் கடையில் இல்லை. அண்ணனின் தொலைபேசி எண்ணும் என்னிடம் இல்லை.

அவர் வானொலி கேட்கிறவர். உடம்புப்பிடி நிலையத்தில் காலைமுதல் தமிழ் வானொலிதான் ஓடும் என்று சொல்லியிருக்கிறார். அதனால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணே, நீங்கள் கேட்ட ஒலிகள் வந்துவிட்டன. விளையாட்டின் பெயர் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6'. அமைப்புகளில் ஒலிப் பகுதிக்குப் போனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். பின்னணி இசையை முழுவதும் குறைக்கவும் முடியும்.

வணக்கம்.