டேவி மரமும் கப்பலேறிய ஜெனரலும்

(காட்சி: வட்டப்புளுவ, மகாவலிக் கரை)

இந்த மரத்துக்கு டேவி மரம் என்று பெயர். 1803 ஜூனில் ஆங்கிலேய மேஜர் டேவியின் படை அழிந்தது இங்கேதான். ஆனால் நான் சொல்ல வந்தது டேவி கதை இல்லை, அவரைக் கண்டியில் விட்டுவிட்டு இறங்கிப்போன ஜெனரல் ஹே மக்டவலின் கதை.

மக்டவல் முதலில் கண்டிக்கு ஏறியது சண்டைக்கல்ல, தூதுக்கு. 1800இல் இலங்கையின் ஆங்கிலேய ஆளுநர் நோர்த் அனுப்பினார். பெயர்தான் தூது, பின்னால் ஆயிரத்துக்கும் மேல் சிப்பாய்கள்! பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லிவிட்டு வாளும் வேலுமாக வந்து நின்றால் யார் கதவைத் திறப்பார்கள்? பாதை மோசமென்று பெரும்படை ருவன்வெல்லையிலேயே நின்றுவிட, சின்னப் பரிவாரத்தோடு மேலே போனார். கண்டியில் ஆங்கிலப் படை இருக்க வேண்டும், கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு ராச்சியத்தின் நடுவாக வீதி வேண்டும் என்று கேட்டார்கள். அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன், அதாவது நம்ம கண்ணுசாமி, இணங்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினார்.

அந்தப் பாதையை அவர் கண்ணால் பார்த்தவர். அப்படியிருந்தும் 1803இல் அதே மலைக்குப் படையோடு வந்தார். புத்தளத்து முஸ்லிம் வியாபாரிகளின் பாக்கைக் கண்டியார் பறித்தது சாக்கு. பெப்ரவரியில் உள்ளே நுழைந்தால் ஊரில் ஆளில்லை, அரண்மனை எரிகிறது. சிம்மாசனத்துக்கு உரிமை கோரிய முத்துசாமியை அரசனாக்கினார்கள், கும்பிடக் குடிகள்தான் இல்லை. அப்புறம் காய்ச்சல். சண்டையில் விழுந்ததைவிடப் பாயில் விழுந்தவர்கள் அதிகம். ஜூன் 11 மக்டவலும் கொழும்புக்கு இறங்கிவிட்டார்.

பதின்மூன்று நாளில் டேவி சரணடைந்தார். கிடைத்த ஆட்களோடு இந்தக் கரை வரை வந்தால், தென்மேல் பருவமழையில் மகாவலி கங்கை நிரம்பி ஓடுகிறது, கடக்க வழியில்லை. முத்துசாமியைத் தா என்றார்கள் கண்டியார், கொடுத்தார், கொன்றார்கள். அடுத்து துப்பாக்கிகளைக் கீழே வைக்கச் சொன்னார்கள். வைத்த பிறகு நடந்ததுதான் படுகொலை. கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்த நோயாளிகளையும் விடவில்லை. டேவி கடைசிவரை கைதி.

சரி, மக்டவல்? சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஆனார்! அங்கே கவுன்சிலில் இடம் தரவில்லை என்று மனக்கசப்பு, ஆளுநர் பார்லோவோடு மோதல். 1809இல் பதவியை உதறிவிட்டு இங்கிலாந்துக்கு ‘லேடி ஜேன் டண்டாஸ்’ கப்பலில் ஏறினார். மார்ச் மாதம் மொரீசியஸ் பக்கம் புயல். கப்பலும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.