நாறும் அமிலம் அன்னாசியாக மணப்பது எப்படி? எஸ்டர் வேதியியல்

கெட்டுப்போன வெண்ணெய் நாறுமே, அதற்குக் காரணம் பியூட்டனாயிக் அமிலம். வாந்தி நாற்றத்திலும் அதற்குப் பங்கு உண்டு. அதோடு எத்தனாலைச் சேர்த்து, அடர் கந்தக அமிலம் சில துளி விட்டுச் சூடாக்கினால் வருவது என்ன தெரியுமா? அன்னாசிப்பழ வாசனை!

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடலாம். கார்பாக்சிலிக் அமிலமும் (இங்கே பியூட்டனாயிக் அமிலம்) ஆல்கஹாலும் (இங்கே எத்தனால்) சேர்ந்தால் எஸ்டரும் தண்ணீரும் கிடைக்கும். கந்தக அமிலம் வினையூக்கி.

இனிதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அமிலத்திலும் ஹைட்ராக்சில் தொகுதி, அதாவது OH, இருக்கிறது, ஆல்கஹாலிலும் இருக்கிறது. அப்படியானால் வெளியே வரும் தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் யாருடையது? வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு பதில் சொல்லுங்கள்.

[திரையில்: அமிலமா? ஆல்கஹாலா?]

"ஆல்கஹாலுடையது" என்றுதான் பலருக்கும் தோன்றும். அமிலம் என்றாலே ஹைட்ரஜனைக் கொடுப்பது என்று படித்திருக்கிறோமே! சமன்பாட்டை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை வராது. எல்லா ஆக்சிஜனும் ஒரே மாதிரிதானே எழுதப்பட்டிருக்கிறது? 1938-இல் வேதியியலாளர்கள் இர்விங் ராபர்ட்ஸும் ஹெரால்டு யூரேயும் ஆக்சிஜனுக்கே அடையாளம் போட்டார்கள். சாதாரண ஆக்சிஜனின் நிறை எண் 16. அவர்கள், கனமான ஆக்சிஜன்-18 கூடுதலாக உள்ள மெத்தனாலை எடுத்து, பென்சாயிக் அமிலத்தோடு வினைபுரிய விட்டார்கள். கிடைத்த தண்ணீரைச் சோதித்தால், அதில் கனமான ஆக்சிஜனின் அளவு அதிகரிக்கவே இல்லை. அது எஸ்டரிலேயே தங்கிவிட்டது. ஆக, ஹைட்ராக்சிலை இழந்தது அமிலம்தான். இவ்வளவு அழகான சோதனையைப் பாடப்புத்தகம் ஒரு வரியிலாவது சொல்ல வேண்டும் என்பேன்.

அந்த இழப்பின் விளைவைப் பாருங்கள். அமில மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும். எஸ்டர் மூலக்கூறுகளுக்குள் அந்தப் பிடி கிடையாது. பியூட்டனாயிக் அமிலம் சுமார் 164 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதைவிடக் கனமான மூலக்கூறான எத்தில் பியூட்டனோயேட், அதாவது நம் அன்னாசி மண எஸ்டர், சுமார் 121 டிகிரியிலேயே கொதித்துவிடும். எளிதில் ஆவியாவதால்தான் மணம் சட்டென்று மூக்கை எட்டுகிறது.

அப்புறம், இது மீள்வினை, அதாவது எஸ்டரும் தண்ணீரும் திரும்ப அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் மாறும். எத்தனாயிக் அமிலத்தையும் எத்தனாலையும் சம மோல் (சம எண்ணிக்கை மூலக்கூறுகள்) எடுத்தால், சமநிலையில் மூன்றில் இரண்டு பங்குதான் எஸ்டராக மாறியிருக்கும். ஆய்வகத்தில் செய்யும்போது கலவையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் மெதுவாக ஊற்றுங்கள். மிச்ச அமிலம் நுரைத்து அடங்கும், எஸ்டர் எண்ணெய்ப் படலம்போல மேலே மிதக்கும். முகர்வதற்கு மூக்கை அருகே கொண்டுபோகாமல், ஆவியைக் கையால் விசிறிப் பாருங்கள். ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்!

சரி, உங்களுக்கு ஒரு கேள்வி. ஆரஞ்சு மணம் தரும் எஸ்டர் ஆக்டைல் எத்தனோயேட். எந்த அமிலமும் எந்த ஆல்கஹாலும் சேர்ந்தால் அது கிடைக்கும்? கமெண்டில் எழுதுங்கள், நான் படித்துப் பதில் போடுகிறேன்.