ஓய்வுநாளில் நடந்த அற்புதங்கள்

மதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவே வந்திருக்கும் பேராயர் ஐயா அவர்களே, குருமார்களே, போதகர்களே, இனிமையாகப் பாடிய பாடகர் குழுவினரே, பெண்கள் ஐக்கியத் தலைவி அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, பின்னால் நின்றபடி கேட்கும் சகோதர சகோதரிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். ஓய்வுநாள் யாருக்காக என்பது ஒன்று. இயேசு ஏன் அந்த நாளாகப் பார்த்து அற்புதம் செய்தார் என்பது இரண்டு. ஓய்வுநாள் யூதர்கள் ஆசரிக்கும் சனிக்கிழமையா, நாம் ஆசரிக்கும் ஞாயிற்றுக்கிழமையா என்ற பழைய வழக்கு மூன்று.

பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமம் 20இல் ஓய்வுநாளுக்குக் காரணம் படைப்பு: கடவுள் ஆறு நாளில் எல்லாம் உண்டாக்கி ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5இல் காரணம் வேறு. நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை நினைத்துப் பார். உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறட்டும் என்கிறது. மாட்டுக்கும் கழுதைக்கும்கூட அங்கே லீவு உண்டு! முதல் காரணத்தைப் பிரசங்கங்களில் நிறையக் கேட்கிறோம். இரண்டாவதை ஏனோ வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம்.

கட்டளை வருவதற்கு முன்பே அற்புதம் வந்துவிட்டது. எகிப்திலிருந்து வந்த இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் கடவுள் தினமும் கொடுத்த உணவு மன்னா. அதை மறுநாளுக்கு எடுத்துவைத்தால் புழுத்து நாறும். ஆறாம் நாளில் மட்டும் இரண்டு பங்கு கிடைத்தது, எடுத்துவைத்தாலும் கெடவில்லை. ஒருநாள் வேலையை விட்டால் வயிறு காயுமே என்ற பயத்தைப் போக்கிவிட்டு, அப்புறம்தான் சீனாய் மலையில் கடவுள் சட்டம் கொடுக்கிறார்.

ஆனால் நம் ஊர்ப் பழமொழி ஒன்று இருக்கிறதே, 'சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டார்' என்று! மேடையில் இருக்கும் குருமார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இது உங்களைப் பற்றியது இல்லை. இல்லை என்றுதான் நம்புகிறேன்.

லூக்கா 13ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். யூதர்கள் கூடி வழிபடும் ஜெப ஆலயம், ஓய்வுநாள். இயேசு போதித்துக்கொண்டிருக்கிறார். அங்கே ஒரு பெண். 18 வருடமாகக் கூனி, கொஞ்சமும் நிமிர முடியாதவள். 18 வருடம் அவள் யாருடைய முகத்தைப் பார்த்திருப்பாள்? கால்களைத்தான் பார்த்திருப்பாள். செருப்பை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டிருப்பாள். அவள் எதுவும் கேட்கவில்லை, கவனியுங்கள். அவராகவே பார்த்தார், கூப்பிட்டார், கைகளை வைத்தார். உடனே நிமிர்ந்தாள். 18 வருடத்துக்குப் பிறகு அவள் எதிரே பார்த்த முதல் முகம் யாருடையது, சொல்லுங்கள்!

எல்லாரும் கைதட்ட வேண்டிய நேரம். ஜெப ஆலயத் தலைவனுக்கோ கோபம். அந்தக் கோபத்தையும் இயேசுவிடம் காட்டத் தைரியம் இல்லை, கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போடுகிறான். வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அந்த நாட்களில் வந்து சொஸ்தமாக்கிக்கொள்ளுங்கள் என்கிறான். அவன் ஆலயத்தில் மற்ற ஆறு நாளும் கூன் நிமிர்த்தும் வேலை நடந்ததுபோல! சாமி வரம் கொடுத்துவிட்டார், பூசாரி இடம் கொடுக்கவில்லை. இயேசு விடவில்லை. உங்கள் எருதையும் கழுதையையும் ஓய்வுநாளில் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, ஆபிரகாமின் மகளை அவிழ்த்துவிடக் கூடாதா என்று கேட்டார். எதிர்த்தவர்கள் வெட்கப்பட்டார்கள்.

யூத மரபைக் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. உயிர் ஆபத்து என்றால் ஓய்வுநாள் விதி விலகும் என்பது அவர்களுடைய நெறியும்தான். ஆனால் இது அவசர சிகிச்சை இல்லை. ஓய்வுநாளில் இயேசு சுகமாக்கிய மற்றவர்களையும் பாருங்கள். எருசலேமில் பெதஸ்தா குளத்தருகே கிடந்தவர் 38 வருட நோயாளி. சூம்பின கைக்காரரும் பிறவிக் குருடரும்கூட அன்று மாலைவரை காத்திருக்கக்கூடியவர்கள்தான். சூரியன் மறைந்தால் ஓய்வுநாள் முடிந்துவிடும், ஒருவரும் குறைசொல்ல முடியாது. இயேசு மாலைவரை காத்திருக்கவில்லை. கட்டுண்டவரை அவிழ்த்துவிடுவதற்கு ஓய்வுநாளைவிடப் பொருத்தமான நாள் கிடையாது என்பதுதான் என் புரிதல்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ஞாயிறு ஆராதனைக்கு நாம் அழகாக உடுத்தி வருகிறோமே, நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்கா அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்? நம் அடுப்படியில், குனிந்தபடி. உலகத் தொழிலாளர் அமைப்பு ஆலைத் தொழிலாளிக்கு ஏழு நாளில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்று 1921இலேயே உடன்படிக்கை செய்தது. வீட்டுவேலை செய்பவர்களுக்கு அதே 24 மணி நேரத்தை எழுத 2011 வரை ஆனது. 90 ஆண்டு! ஆனால் உபாகமம் வேலைக்காரியை அன்றைக்கே பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டது. சாமி வரம் கொடுத்து எவ்வளவு காலமாகிறது, பாருங்கள். இந்த விஷயத்தில் பூசாரி யார்? நாம்தான்.

மூன்றாவது செய்தி. 321ஆம் ஆண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக்கி ஆணையிட்டார். அதிலும் நகரத்தாருக்குத்தான் ஓய்வு, உழவர்கள் வேலை செய்யலாம் என்று விலக்கு. அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபைப் பிரிவைச் சேர்ந்த சகோதரர்கள் இன்றும் சனிக்கிழமையை ஆசரிக்கிறார்கள், அவர்கள் தரப்பிலும்... சரி, தலைவர் ஐயா சீட்டு அனுப்பிவிட்டார்.

வாசலில் ஒரு படிவம் வைத்திருக்கிறோம். வீட்டில் வேலை செய்பவருக்கு வாரம் ஒருநாள் முழு விடுமுறை தருவேன் என்று அதில் கையெழுத்துப் போடுங்கள். ஏற்கனவே தருகிறவர்களும் போடலாம். அந்த நாளுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதையும் விட்டுவிடாமல் நிரப்புங்கள்.