கப்பல் மணியும் காண்டா வாளியும்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில் நடந்த கலை விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, கோயில் நிர்வாகப் பெரியவர்களே, ஈப்போவிலிருந்து இந்த மழையிலும் வந்து சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, பொன்னாடை போர்த்திய மாதர் பிரிவுச் சகோதரிகளே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, முன்வரிசையில் பேரப்பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும் பாட்டிமார்களே, வணக்கம். பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

மணி, சொல், சினிமா என்று மூன்று வியப்பான செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று என் அப்பா அடிக்கடி சொல்வார். அது மனத்தில் இருக்கட்டும்.

முதலில் மணி. 1836 வாக்கில், நியூசிலாந்தின் வடக்கே, வில்லியம் கொலென்சோ என்ற கிறித்தவ மிஷனரி, அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் ஊர் ஒன்றுக்குப் போகிறார். அடுப்பில் உருளைக்கிழங்கு வேகிறது. வேகும் பாத்திரம் விசித்திரமாக இருக்கிறது. குனிந்து பார்க்கிறார். அது கவிழ்த்துப் பிடித்த வெண்கல மணி! விளிம்பு உடைந்திருக்கிறது; சுற்றிலும் எழுத்து. எங்கே கிடைத்தது என்று கேட்கிறார். புயலில் சாய்ந்த மரத்தின் வேருக்கடியில் கிடைத்தது என்கிறார்கள். ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அந்த மணியை வாங்கிக்கொள்கிறார். அந்த எழுத்து என்ன எழுத்து தெரியுமா? தமிழ்! முகைதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் பொறித்திருக்கிறது. அந்தக் கப்பல் எது, மணி எப்படி அங்கே போனது என்று இன்றுவரை எவரும் உறுதியாகச் சொன்னதில்லை. வெலிங்டன் நகரத்தின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கப்பல் போய்விட்டது, முதலாளி போய்விட்டார், மாலுமிகள் போய்விட்டார்கள். பெயர் மட்டும் நிற்கிறது. யாரோ ஒருவர் குனிந்து பார்த்ததால் நிற்கிறது.

அடுத்தது சொல். அந்த மணியில் உள்ள 'கப்பல்'தான் மலாய் மொழியில் 'காப்பால்'. நம் கடை அவர்களுக்குக் 'கெடாய்'. நம் கட்டில் அவர்களுக்குக் 'காத்தில்'. சந்தையில் நாள்தோறும் நம் சொல்லை நாமே கேட்டுக்கொண்டு நடக்கிறோம். வெண்ணெய் கையில்தான் இருக்கிறது.

சினிமாவுக்கு வந்தால், 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே தியேட்டரில் வெளியான 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். அதில் நடித்த தியாகராஜ பாகவதரைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. ஆனால் அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது.

1877இல் வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்று, பக்கத்துக் கோலகங்சாரில் வேலிக்குள் மரமாக இன்றும் நிற்கிறது. பார்க்கப் போகிறோம், படம் எடுக்கிறோம். மரத்துக்கு வேலி இருக்கிறது. அந்த இனத்து மரங்களில் பால் வெட்டிய கைகளுக்கு என்ன இருக்கிறது? நான் பிறந்த ரப்பர்த் தோட்டத்தைச் செம்பனை எண்ணெய் மரங்களுக்கு மாற்றியபோது, ஆபீஸிலிருந்த செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகங்களை எல்லாம் பின்புறம் குவித்துக் கொளுத்தினார்கள். என் பாட்டியின் பெயர் எழுதிய பக்கமும் அதில் போனது. அன்று நான் சிறுவன். நின்று வேடிக்கை பார்த்தேன்.

இதோ, ரப்பர்ப் பால் பிடிக்கும் இந்த மங்கு என்ற கிண்ணத்தைப் பாருங்கள். அம்மாவுடையது. உள்ளே பழைய பால் காய்ந்து பழுப்பு நிறத்தில் தோலாக ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் இன்றும் ஒட்டுப்பால் வாடை வரும். விடியுமுன் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு ஓடி, கம்பில் தொங்கும் காண்டா வாளியில் பால் சுமந்து தோள் காய்த்துப்போன ஒருத்தியின் கை துடைத்த மங்கு இது. கொலென்சோ இரும்புப் பானையைக் கொடுத்து மணியைக் காப்பாற்றினார். நாமோ ஐந்து வெள்ளிக்குக் காண்டா வாளியைப் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுக்கிறோம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழனின் பழம்பெருமையைக் கடல் கடந்து தேடுகிறோம்!

தமிழ்ப்பள்ளியின் பின்கட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. அதைத் தோட்ட நினைவகம் ஆக்க வேண்டும் என்று தலைமையாசிரியை அம்மாவிடம் கேட்டேன், தலையசைத்திருக்கிறார். சட்டமன்ற உறுப்பினர் அவர்களிடம் இரண்டு கண்ணாடி அலமாரிகளை இந்த மேடையிலேயே கேட்கிறேன்.

வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அறையைத் திறந்து வைத்திருப்பேன். பால் கத்தி, மங்கு, வாளி, சம்பளச் சீட்டு, லயத்து வீட்டு வாசலில் எடுத்த புகைப்படம், எதுவானாலும் கொண்டு வாருங்கள். யாருடையது, எந்தத் தோட்டம் என்று மட்டும் ஒரு தாளில் எழுதிக் கட்டிக் கொடுங்கள். எழுதத் தெரியாத பாட்டிமார்கள் சொன்னால் போதும், நான் எழுதிக்கொள்கிறேன்.