திரை விலக்கிய பிறகு பாட்டு

எல்லோருக்கும் வணக்கம். பாடச் சொன்னால் எனக்குக் கவலையில்லை. பேசச் சொன்னால் தொண்டை வறண்டுவிடுகிறது. சித்திரை மாத வேலூரில் அது வெயிலின் வேலையாகவும் இருக்கலாம்.

"தனிப் பாட்டு போட்டால்தானே ஓடும், எதுக்குக் கதை ஆல்பம்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். என் முதல் ஆல்பத்தில் ஒன்பது பாட்டு, எல்லாம் சேர்ந்து ஒரே கதை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அந்த ராத்திரிதான் கதை. மணலாகவே பார்த்துப் பழகிய ஆறு திடீரென்று தண்ணீராகிறது. கடைசிப் பாட்டில் ஆறே பேசும். எனக்கு அதில் அவ்வளவு பெருமை! வெளியிட்ட வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். "ஆறாவது பாட்டு சூப்பர்டா, காதல் தோல்விதானே?" என்றான். அது வெள்ளத்தில் போன பசுமாட்டைத் தேடுகிறவன் பாட்டு.

அவன்மேல் தப்பில்லை. அவன் போன் பாட்டுகளைக் கலைத்துப் போட்டிருக்கிறது. ஆறாவதுதான் அவனுக்கு முதல் பாட்டு. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 நொடி ஓடினால்தான் கேட்டதாகக் கணக்கு. நானோ முதல் பாட்டின் தொடக்கத்தில் 40 நொடிக்கு வெறும் மழைச் சத்தம் வைத்திருந்தேன்.

பாட்டென்றால் மூன்று நிமிடம் என்று நம்மைப் பழக்கியது நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டு. ஒரு பக்கத்தில் ஏறக்குறைய அவ்வளவுதான் பிடிக்கும். 1948இல் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்து ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம் கொடுத்தபோது, நீளமாகக் கதை சொல்லத் தாராளமாக இடம் கிடைத்தது. சரி, அது மேற்கத்திய வரலாறு. இந்த வட ஆற்காட்டில் திரௌபதி அம்மன் கோயிலில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து என்று நாள்கணக்கில் ஒரே கதையை ஓட்டுகிறார்கள். ஐந்தாம் நாள் வருகிறவருக்கும் புரிகிறது. நடுவில் தூங்கி எழுந்தவருக்கும் புரிகிறது. எப்படி?

போன வருஷம் அதைப் பார்க்கவே போய் உட்கார்ந்தேன். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்கிறார்கள். பின்னால் துரியோதனன் நிற்கிறான். கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது, சலங்கை கேட்கிறது. அவன் உள்ளிருந்தே தன் பெருமையைப் பாடுகிறான். கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் வெளியே நின்று, நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று நோண்டுகிறான். திரை விலகுவதற்குள் என் பக்கத்திலிருந்த சின்னப் பையனுக்குக்கூட ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. கட்டியங்காரனைக் கோமாளி என்று சொல்லிவிட்டுப் போகிறோம். என் கணக்கில் கதையின் தையற்காரனே அவன்தான்.

அப்புறம்தான் இரண்டாவது ஆல்பம். பீடி சுற்றும் குடியாத்தத்துப் பெரியம்மா கதை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு பேத்தியின் குரல் கேள்வி கேட்கும்: "ஏன் ஆயா, இந்த வீடு யாருது?" பத்தே நொடி. எந்தப் பாட்டை முதலில் கேட்டாலும் ஆள் யார், இடம் எது என்று தெரிந்துவிடும். ஸ்டுடியோவுக்குக் காசில்லை. மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, தலைமேல் போர்வையைப் போட்டுக்கொண்டு பாடினேன். ஒரு பாட்டுக்கு இரண்டு சட்டை நனையும்.

தாளத்துக்கு மட்டும் வாத்தியம் தேடவில்லை. பெரியம்மா முறத்தை மடியில் வைத்து, நனைத்த இலைமேல் தகட்டை வைத்துக் கத்தரிப்பார். கறுக், கறுக். ஓரம் திரும்பும்போது ஒரு சின்ன நிறுத்தம், மறுபடி கறுக். போனை முறத்துக்கு அருகில் வைத்து ஒரு மணி நேரம் பதிவு செய்தேன். பாட்டு உருக்கமாக இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரில் அந்தச் சத்தத்தின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன்.

முடித்ததும் முதலில் அவருக்குத்தான் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். "இன்னாடா இது, இவ்ளோ மெதுவா வெட்டினா ஆயிரம் பீடி எப்போ முடியும்?" என்றார். அன்று ராத்திரியே வேகத்தைப் பழையபடி ஏற்றினேன். ஹார்மோனியத்தை முழுக்கத் திரும்ப வாசிக்க வேண்டியதாயிற்று.